ஸ்பேஸ்-ஏ விமானத்தில் ஐரோப்பா: அமெரிக்க ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க விமானப்படையில் 22 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் மூன்று முறை ராணுவ விமானத்தில் ஐரோப்பா போய்வந்திருக்கிறோம். ராணுவ விமானத்தில் மீதமிருக்கும் இடத்தில் ஏறிப் போகும் இந்தச் சலுகைக்குத்தான் ஸ்பேஸ்-ஏ என்று பெயர். இதைச் சொன்னதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நிஜமாகவே இலவசமா?" என்பதுதான். இலவசம்தான். ஆனால் எந்த நாள் கிளம்புவோம், எந்த ஊரில் இறங்குவோம், எப்போது திரும்புவோம் என்று எதையும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்ள உங்களுக்கு நேரமும், கையில் கொஞ்சம் பணமும் இருந்தால் இதைவிட நல்ல சலுகை இல்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியாக வேண்டியவர்கள் பேசாமல் டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது, உண்மையாகவே சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இது உண்டா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முன்னாள் படைவீரர் என்பதும் ஓய்வு பெற்ற படைவீரர் என்பதும் இந்தச் சலுகையைப் பொறுத்தவரை ஒன்றல்ல. நான்கு வருடமோ எட்டு வருடமோ பணிபுரிந்து மரியாதையாக வெளியே வந்தவர்களுக்கு ஸ்பேஸ்-ஏ கிடையாது, பணியிலிருந்து விடுவித்ததற்கான டிடி 214 படிவத்தைக் காட்டினாலும் கிடையாது. வழக்கமாக 20 ஆண்டு முடித்தவர்கள், அல்லது உடல் பாதிப்பால் படையே ஓய்வு கொடுத்து அனுப்பியவர்கள், கையில் ஓய்வு பெற்றவருக்கான ராணுவ அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், இவர்களுக்குத்தான் வெளிநாட்டுக்கும் பறக்கும் உரிமை. இவர்களோடு சேர்ந்து போகும்போது கணவரோ மனைவியோ சார்ந்திருக்கும் பிள்ளைகளோ வரலாம். அவர்கள் மட்டும் தனியாகப் போக முடியாது.

அப்புறம், படைத்துறைப் பணியால் நேர்ந்த 100 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று பெற்ற முன்னாள் படைவீரர்களுக்கு 2018-இல் கையெழுத்தான சட்டம் ஒன்று ஸ்பேஸ்-ஏ-வைத் திறந்துவிட்டது. ஆனால் அது அமெரிக்க நிலப்பரப்புக்குள்ளும், அங்கிருந்து அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற அமெரிக்கப் பகுதிகளுக்கும் மட்டும்தான். ஐரோப்பாவுக்கு இல்லை. இவர்கள் ஓய்வும் பெற்றவர்களாக இருந்தால் அது வேறு கதை, அப்போது ஓய்வு பெற்றவர் என்ற கணக்கில் எங்கும் போகலாம். ரிசர்வ் என்ற பகுதிநேரப் படையில் 20 ஆண்டு முடித்துவிட்டு ஓய்வூதிய வயதுக்குக் காத்திருப்பவர்களுக்கும் அதுவரை வெளிநாட்டுப் பயணம் கிடையாது.

இதில் எதற்குள்ளும் வராதவர்கள் மனம் தளர வேண்டாம். அமெரிக்கன் ஃபோர்சஸ் டிராவல் என்ற பாதுகாப்புத் துறையின் பயணத் தளத்தில் வணிக விமானம், ஹோட்டல், வாடகை கார் எல்லாவற்றுக்கும் சலுகை விலை கிடைக்கிறது. யார் யார் அதைப் பயன்படுத்தலாம் என்பதை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழே மருத்துவம் பற்றியும் நினைவிடங்கள் பற்றியும் சொல்லியிருப்பது எல்லோருக்கும் பொருந்தும்.

இரண்டாவது, கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ராணுவ அடையாள அட்டை காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், உங்களுடையது மட்டுமல்ல, கூட வருகிறவருடையதும். பாஸ்போர்ட் இருவருக்கும் கட்டாயம். பணியில் இருந்தபோது அட்டையையும் உத்தரவுக் கடிதத்தையும் காட்டி ஜெர்மனிக்குள் நடந்து போன பழக்கத்தை மறந்துவிடுங்கள், இப்போது நீங்கள் சாதாரணச் சுற்றுலாப் பயணிதான். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இங்கிலாந்தில் மில்டன்ஹால் தளத்தில் இறங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், 2025 ஜனவரி 8 முதல் அமெரிக்கக் குடிமக்களுக்கும் ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதி வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம். மனைவியோ கணவரோ கிரீன் கார்டு வைத்துக்கொண்டு இன்னும் இந்திய பாஸ்போர்ட்டிலேயே இருந்தால், ராணுவ விமானம் என்பதற்காக விசா தள்ளுபடி ஆகாது. ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும், இங்கிலாந்துக்கு அது தனி. விசா விண்ணப்பத்தில் பயணத் தேதி கேட்பார்கள், ஸ்பேஸ்-ஏ-யில் தேதியே கிடையாது. அதனால் நீங்கள் கேட்கும் காலம் முன்னும் பின்னும் சில நாள் தாராளமாக இருக்கட்டும். எங்கள் முதல் பயணத்தில் என் மனைவிக்கு இந்திய பாஸ்போர்ட்தான். விசா தொடங்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அருமையான ஒரு விமானம் கிளம்பிப் போனது, நாங்கள் டெர்மினலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, எங்கிருந்து, எந்த மாதம்

ஐரோப்பாவுக்குக் கிழக்குக் கரைதான் வாசல். டெலவேரில் டோவர், நியூ ஜெர்சியில் மெக்குவயர், தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன், வாஷிங்டன் பக்கம் ஆண்ட்ரூஸ் ஆகிய ராணுவ விமானத் தளங்கள். இவை தவிர பால்டிமோர் வணிக விமான நிலையத்திலிருந்து பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் என்ற வாடகைப் பயணிகள் விமானம் ஜெர்மனியின் ராம்ஸ்டைனுக்குப் போகிறது. வெர்ஜினியாவில் நார்ஃபோக்கிலிருந்து கிளம்புபவை பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கம் உள்ள கடற்படைத் தளங்களை நோக்கிப் போகும். ஒரே டெர்மினலைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். டோவரும் மெக்குவயரும் பால்டிமோரும் காரில் சில மணி நேரத்துக்குள் இருப்பவை, ஒன்றில் கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு ஓடலாம்.

மாதம் மிக முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பணியில் இருப்பவர்கள் குடும்பத்தோடு இடமாற்றம் ஆகும் காலம், கிறிஸ்துமஸ் சமயம் விடுமுறைக் கூட்டம். இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச், அக்டோபர், நவம்பர் எங்களுக்கு நன்றாக அமைந்தன. குளிர் இருக்கும், ஆனால் விமானத்தில் இடமும் இருக்கும்.

நான்காவது, பெயர் பதிவது

ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனித்தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ கொடுக்கலாம், நேரிலும் கொடுக்கலாம். ஓய்வு பெற்றவர்களின் பதிவு 60 நாள் செல்லும். வரிசை எப்படி என்றால், மொத்தம் 6 பிரிவுகள். அவசர விடுப்பில் போகிறவர்கள் முதல் பிரிவு, சாதாரண விடுப்பில் இருக்கும் பணியாளர்கள் மூன்றாவது, நாம் ஆறாவது, அதாவது கடைசி. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாமும் அந்த இளைஞர்களின் இடத்தில் இருந்து விடுப்புக்கு வீடு போகத் தவித்தவர்கள்தான். ஒரே பிரிவுக்குள் யார் முதலில் பதிந்தார்களோ அவர்களுக்கு முதலிடம். அதனால் போக நினைக்கும் நாளுக்கு 50, 55 நாள் முன்பே பதிந்துவிடுங்கள். 60 நாள் கெடு கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் உங்கள் பெயர் பட்டியலில் மேலே ஏறியிருக்கும். மறுபடி பதிந்தால் பழைய தேதி போய்விடும், பொறுமை இழந்து அதைச் செய்யாதீர்கள்.

பதிவில் ஐந்து இடங்கள் வரை எழுதலாம். நான்கு நாடுகளை எழுதிவிட்டு ஐந்தாவதாக "எல்லாம்" என்று போடுங்கள். வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வையுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. கவுன்டரில் உங்கள் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தத் தாள்தான் துணை.

இன்னொன்று, பலர் மறப்பது. திரும்பி வருவதற்கான பதிவையும் அப்போதே செய்துவிடுங்கள். ராம்ஸ்டைன், ஸ்பெயினில் ரோட்டா, இங்கிலாந்தில் மில்டன்ஹால், இத்தாலியில் அவியானோ, நேப்பிள்ஸ், எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அனுப்பி வையுங்கள்.

ஐந்தாவது, ரோல் கால்

அடுத்த 72 மணி நேரத்துக்கான விமானங்களை ஒவ்வொரு டெர்மினலும் வெளியிடும். அதில் இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எஃப் என்று இருந்தால் உறுதி, டி (T) என்று இருந்தால் மாறலாம். 50 இடம் என்று காலையில் பார்த்தது மாலையில் பூஜ்யம் ஆவதும், ஒன்றுமே இல்லாமல் இருந்தது திடீரென்று 30 ஆவதும் சாதாரணம். ரோல் கால் என்பது இடம் கிடைத்தவர்களின் பெயரை வரிசைப்படி கூப்பிடும் நேரம். அதற்கு 24 மணி நேரம் முன்பிலிருந்து நேரில் போய் "வந்துவிட்டேன்" என்று பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்யாதவரின் பெயரைக் கூப்பிட மாட்டார்கள்.

ரோல் கால் நேரத்தில் பெட்டியெல்லாம் கையோடு, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உடனே ஏறத் தயாராக நிற்க வேண்டும். பெயர் சொன்னதும் கவுன்டருக்குப் போக வேண்டும், காரிலிருந்து பெட்டியை எடுத்து வருகிறேன் என்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 70 பவுண்டு வரை. சிறிய விமானமாக இருந்தால் 30 பவுண்டுதான், அதனால் நாங்கள் எப்போதும் ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறோம். பேட்ரியாட் எக்ஸ்பிரஸில் மட்டும் விமான நிலைய வரி என்று கொஞ்சம் டாலர் கட்ட வேண்டும்.

சி-17 அல்லது சி-5 என்ற பெரிய சரக்கு விமானம் கிடைத்தால் கம்பளிச் சட்டை, மூடிய ஷூ, காதடைப்பான், சிறு போர்வை வேண்டும். சி-17-இல் சுவரோரம் இருக்கையை விரித்துப் பக்கவாட்டில் உட்கார வேண்டும், நடுவில் சரக்கு கட்டிக் கிடக்கும், ஜன்னல் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சாப்பாட்டுப் பொட்டலம் சில டாலருக்குக் கிடைக்கும், நாம் கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதம் அதைவிட நல்லது. என் மனைவி முதல் முறை அந்தப் பெரிய வயிற்றுக்குள் ஏறியபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "இதிலேயா இத்தனை வருஷம் போய்வந்தீங்க?" என்று கேட்டாள். 22 வருடம் நான் விளக்க முயன்றும் அவளுக்குப் புரியாதது அந்த ஏழெட்டு மணி நேரத்தில் புரிந்தது. இலவசம் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆறாவது, இறங்கியதும் செய்ய வேண்டியவை

முதல் வேலை, நாட்டுக்குள் முறையாக நுழைந்ததற்கான பதிவு. ராணுவத் தளத்தில் இறங்குவதால் குடிவரவுச் சோதனையைக் கவனிக்காமல் வெளியே வந்துவிட முடியும், எங்களுக்கு ஒரு முறை அப்படி ஆனது. பல நாள் கழித்து வேறொரு நாட்டின் விமான நிலையத்தில் "நீங்கள் எங்கே, எப்போது நுழைந்தீர்கள்?" என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை, விளக்கிச் சொல்லி வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக வந்துவிட்டது, ஆகவே இன்னும் கவனம் வேண்டும். டெர்மினலில் எல்லைக் காவலர் எங்கே என்று கேட்டுப் பதிந்துவிட்டு நகருங்கள்.

ராம்ஸ்டைனில் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே தளத்தின் விடுதி இருக்கிறது. அறை காலியாக இருந்தால் ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி உள்ளே வரத் தனிப் பதிவு வேண்டுமா என்பதை அன்றே வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். தளத்துக் கடைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள், அந்தந்த நாட்டோடு உள்ள ஒப்பந்தப்படி ஓய்வு பெற்றவர்கள் அங்கே வாங்குவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை வெளியிலும் கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமை இறங்கினால் அன்றே பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கைசர்ஸ்லாட்டர்ன். நம் ஆட்கள் கே-டவுன் என்பார்கள். அந்த ரயில் நிலையத்திலிருந்து பாரிஸுக்கு நேரடி விரைவு ரயில் இருக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரம். பவேரியா பக்கம் போவதானால் கார்மிஷ் ஊரில் எடல்வைஸ் என்ற ராணுவ ஓய்வு விடுதி இருக்கிறது, ஆல்ப்ஸ் மலையடியில். ஓய்வு பெற்றவர்கள் தங்கலாம், கூட்டமில்லாத மாதத்தில் வெளி ஹோட்டல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

மருத்துவம், இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்

65 வயதைத் தாண்டியவர்கள் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறதே என்று கிளம்பிவிடுகிறார்கள். மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே ஒரு பைசா தராது. மெடிகேர் உள்ள ஓய்வு பெற்ற படையினருக்கான டிரைகேர் ஃபார் லைஃப் காப்பீடு வெளிநாட்டிலும் செல்லும், ஆனால் உங்கள் பங்கும் தொடக்கத் தொகையும் உங்கள் பொறுப்பு, மெடிகேர் பகுதி பி-க்கான சந்தாவையும் விடாமல் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் நீங்கள் பணம் கட்டி, ரசீதை வைத்துப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். படைத்துறைப் பணியால் வந்த உடல் பாதிப்புகளுக்கு, ஓய்வு பெறாத முன்னாள் வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் துறையின் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் இருக்கிறது. கிளம்பும் முன்பே அதில் பதிந்துகொள்ளலாம். இவற்றில் எதுவும் உங்களை ஆம்புலன்ஸ் விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவை ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள், அதற்கென்று தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். எங்கள் இருவருக்கும் அதற்கு ஆன செலவை நான் ஒருபோதும் கணக்குப் பார்த்ததில்லை.

திரும்பும் கணக்கு

இருவருக்கும் வணிக விமானத்தில் ஒருவழி டிக்கெட் வாங்கும் அளவு பணம் தொடாமல் இருக்க வேண்டும். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஜூலை மாதம் தெரிந்தே போய் மாட்டிக்கொண்டு, ஒரு டெர்மினலில் ஐந்து நாள் காலையும் மாலையும் ரோல் காலுக்குப் போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் டிக்கெட் வாங்கி வந்தோம். விடுதி வாடகையையும் சேர்த்தால் முதல் நாளே வாங்கியிருக்கலாம். இப்போது எங்கள் விதி மூன்று நாள்தான், அதற்குள் கிடைக்காவிட்டால் டிக்கெட்.

போனால் எங்கே போவது

பாரிஸும் ரோமும் உங்களுக்கே தெரியும். சீருடை போட்டவர்கள் போக வேண்டிய இடங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு ஐரோப்பா என்றால் இப்போது அவைதான் நினைவுக்கு வருகின்றன.

பிரான்ஸின் நார்மண்டியில், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் இறங்கிய ஒமாஹா கடற்கரைக்கு மேலே அமெரிக்கக் கல்லறைத் தோட்டம், 9,380-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். மாலையில் கொடி இறக்குவார்கள், முன்னாள் வீரர் என்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், உதவிக்கு அழைக்கலாம். கல்லில் பொறித்த பெயர் கண்ணுக்குத் தெரியாமல் போனால், அந்தக் கடற்கரை மணலையே ஈரமாக எடுத்து எழுத்துகளில் தேய்க்கிறார்கள், பெயர் பொன்னிறமாக எழுந்து வருகிறது. அதைப் பார்த்த பிறகு அன்று நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

லக்ஸம்பர்கில் 2020 முதல் பஸ், ரயில், டிராம் எல்லாம் நாடு முழுக்க இலவசம். தலைநகரை ஒட்டிய ஹாம் அமெரிக்கக் கல்லறையில் 5,000-க்கும் மேற்பட்டவர்கள், அவர்களுக்கு முன்னால் இரண்டாம் உலகப் போரில் அவர்களை நடத்திய ஜெனரல் பாட்டன். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சாண்ட்வைலர், அங்கே 10,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். நெதர்லாந்தில் மார்கிராட்டன் அமெரிக்கக் கல்லறையில் ஒவ்வொரு கல்லையும் உள்ளூர்க் குடும்பம் ஒன்று தத்தெடுத்திருக்கிறது, பாட்டி பார்த்துக்கொண்டதைப் பேத்தி பார்த்துக்கொள்கிறாள். அமெரிக்காவில் "உங்கள் சேவைக்கு நன்றி" என்று வாயால் சொல்வார்கள், அங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை, பூவை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நம் மண்ணிலிருந்து போனவர்களும் அங்கே கிடக்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் களங்களுக்கு 1,30,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். பிரான்ஸில் நவ் ஷாபெல் கிராமத்தில் கல்லறையில்லாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு இந்திய நினைவிடம் இருக்கிறது. அங்கே 1915 மார்ச் 10 அன்று தொடங்கிய தாக்குதலில் இந்தியப் படைகள் முன்னணியில் நின்றன. பெல்ஜியத்தில் ஈப்பர் ஊரின் மெனின் வாசல் என்ற முதல் உலகப் போர் நினைவு வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு இறந்த வீரர்களுக்காக லாஸ்ட் போஸ்ட் என்ற எக்காள இசையை ஊதுகிறார்கள், 1928-இலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக. சுவரில் உள்ள 54,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் இந்தியப் பெயர்களும் உண்டு, ஏழரைக்கே போய் நின்று படியுங்கள்.

நேப்பிள்ஸில் இறங்கக் கிடைத்தால், இரண்டாம் உலகப் போரின் களமான கசினோவை விட்டுவிடாதீர்கள், ரோமிலிருந்தும் நேப்பிள்ஸிலிருந்தும் ரயில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் மடத்தை 1944 பிப்ரவரி 15 அன்று குண்டு வீசித் தகர்த்தார்கள், இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. கீழே காமன்வெல்த் கல்லறையில் 4,200-க்கும் மேற்பட்டவர்கள். கசினோவுக்குத் தெற்கே, நேப்பிள்ஸ் போகும் வழியில் மிக்னானோ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இந்தியப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று, கூட இருந்தவர்களைக் காக்க மிதிவெடி மேல் தானே விழுந்து இறந்தார். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் அவர் இறந்த பிறகு வந்தது. நான் அமெரிக்கச் சீருடையில் 22 வருடம் இருந்துவிட்டு, இத்தாலியில் ஒரு குளிர்காலக் காலையில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன், என் மனைவி பையிலிருந்து கொஞ்சம் விபூதி எடுத்து அந்தச் சாலையோரத்து மண்ணில் தூவினாள். அங்கே தேடிப் பார்க்கப் பெரிய நினைவுத்தூண் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள், நேப்பிள்ஸிலிருந்து காலையில் கிளம்பினால் மிக்னானோவும் கசினோவும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம், மறுநாள் ரோல் கால் இருந்தாலும்.